திருப்பலி முடிந்த பிறகு...

புனித தேவசகாயத்தை இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகத் திருச்சபை 2025ஆம் ஆண்டு அறிவித்தது. குருவும் அல்லாத, துறவியும் அல்லாத ஒருவர். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். நம்மைப் போன்ற ஒருவர் நமக்குப் பாதுகாவலராகக் கிடைத்திருப்பது பெருமைதான். அந்தப் பெருமையோடு நின்றுவிடாமல், அவர் வாழ்ந்த கிறிஸ்தவ வாழ்வு எப்படிப்பட்டது என்பதையும் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்தவர் அவர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது செய்யப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்குப் பார்த்தால், கையில் விலங்கு இல்லாமல் அவர் கிறிஸ்தவராக நடமாடிய காலம் நான்கு ஆண்டுகள்கூட இல்லை. அந்தக் காலத்தில் அவர் எத்தனை திருப்பலி கண்டார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நம் நினைவில் நிற்பது வேறொன்று. தம் சாதியார் தொட அஞ்சிய மக்களோடு அவர் உட்கார்ந்தார், அவர்களோடு உண்டார், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். அவர் மதம் மாறியதே பலருக்குப் பொறுக்கவில்லை. இது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது 'பிள்ளை' என்ற பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. அவர் உதறிவிட்ட சாதியை அவர் பெயரிலேயே ஒட்டி வைக்கலாமா என்று எழுந்த குரலுக்கு உரோமை செவிசாய்த்தது.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1872இல் அங்கே கட்டி எழுப்பப்பட்ட ஆலயத்துக்கு ஒன்றல்ல, இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தருகே வந்து சேரும். ஒன்று வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு, மற்றது நாடார் முதலான பிறருக்கு. காற்சட்டையின் இரண்டு கால்களைப் போல! பீடத்தில் நிற்கும் குருவானவருக்கு இரு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டத்தாருக்கு மறு கூட்டத்தார் கண்ணில் படவேண்டிய அவசியமே இல்லை. 1910ஐ ஒட்டிப் பங்குத்தந்தை கௌசானெல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். உடனே வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சாதியைத் தாண்டியதற்காகவும் வெறுக்கப்பட்ட ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவர் இறந்து 120 ஆண்டுகளுக்குப் பின் சாதிக்கென்றே ஒரு கோவில் வடிவம் பெற்றது என்பது எவ்வளவு வேதனை!

இன்று ஆலயத்துக்குள் அப்படி ஒரு தடுப்பை எழுப்ப யாரும் துணியமாட்டார்கள். ஒரே வரிசையில் நிற்கிறோம், ஒரே அப்பத்தை உண்கிறோம், சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறோம். அதனால் 'நம்மிடம் சாதி இல்லை' என்று சொல்லிக்கொள்வது எளிதாகிவிட்டது. ஆனால் அந்தச் சுவர் இடிந்துவிட்டதா, இல்லை இடம் மாறிவிட்டதா? கோவிலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. இறுதி ஆசீர் பெற்று வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு மனு வந்தது. திருச்சி மாவட்டத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர் கொண்டுவந்த மனு அது. உயர் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடைக்காமல் டெல்லி வரை சென்றார்கள். உச்ச நீதிமன்றம் தமிழக அரசுக்கும் திருச்சபை அதிகாரிகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ஆலயத் திருவிழாவில் தங்களுக்குச் சம பங்கு இல்லை, தங்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை, இறந்தவர்களை அடக்கம் செய்வதிலும் வேறுபாடு காட்டப்படுகிறது என்பவை அவர்களின் குறைகளுள் சில. இவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்; அந்த வேலையை நாம் கையில் எடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் குறைகளில் ஒன்றைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கலாம். வரி வாங்கவில்லை என்றா ஒருவர் வழக்குப் போடுவார்?

போடுவார். ஏன் என்பது நம் ஊர்த் திருவிழாக்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வரி போடுகிறார்கள். வரி கொடுத்தவர் திருவிழாவின் பங்காளி. அவர் பெயர் நோட்டில் ஏறும். கணக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எந்த நாள் உபயம் யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், வடம் பிடிப்பவர் யார், கொடிக்குப் பரிவட்டம் யாருக்கு என்று பேசும் கூட்டத்தில் அவருக்குப் பாய் உண்டு. வரி வாங்கப்படாதவருக்கு இவை எதுவும் இல்லை. 'நீங்கள் கொடுக்க வேண்டாம், வந்து கும்பிட்டுவிட்டுப் போங்கள்' என்பது கேட்பதற்குச் சலுகை போல இருக்கும். உண்மையில் அது ஒருவரை வீட்டுக்காரர் நிலையிலிருந்து விருந்தாளி நிலைக்கு இறக்கி வைக்கும் தந்திரம். யாரையும் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், கோவில் கதவை மூட வேண்டாம். நோட்டில் ஒரு பெயரை எழுதாமல் விட்டால் போதும்!

இன்னொரு வழி, தேரின் பாதை. ஆலயத்தைச் சுற்றி நான்கு தெருக்களில் தேர் வரும்; ஐந்தாவது தெருவின் முனை வரை வந்து திரும்பிவிடும். கேட்டால் தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு, நேரம் ஆகிவிட்டது என்று காரணங்கள் இருக்கும். சில ஊர்களில் அந்தக் காரணங்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தெரு குறுகலாக இருந்தால் சுருபத்தைத் தோளில் சுமந்து போகத் தெரியாதவர்களா நாம்?

இந்தப் பிரச்சினை எங்கே போய் முடியும் என்பதை 2008ஆம் ஆண்டில் தமிழகத் திருச்சபை பார்த்துவிட்டது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழைய பெரிய பங்கு ஒன்றில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஆலயத்திலும், சவ ஊர்வலத்திலும், கல்லறையிலும் காட்டப்பட்ட வேறுபாட்டைத் தாங்கமுடியாமல் எழுந்த கோரிக்கை அது. மார்ச் 9 அன்று அது கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் உயிரிழந்தனர். அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள், அடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், செத்தவர்களும் கிறிஸ்தவர்கள். அது தவக்காலம் வேறு. பாஸ்காவுக்குத் தயாராக வேண்டிய ஊர், பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருந்தது.

கல்லறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அடக்கச் சடங்கில் குருவானவர் இறந்தவருடைய திருமுழுக்கை நினைவூட்டி உடல் மேல் தீர்த்தம் தெளிக்கிறார். பணக்காரர், ஏழை, மேல்தெரு, கீழ்த்தெரு எல்லாருக்கும் அதே தீர்த்தம், அதே மன்றாட்டு. அது முடிந்து உடல் ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் சில ஊர்களில் வண்டி வேறு, பாதை வேறு, குழி தோண்டும் இடம் வேறு. நடுவில் சுவர் எழுப்பிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் நம் மாநிலத்தில் செய்தியாகியிருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்குள் நிலத்தகராறு, தேர்தல் பகை என்று ஏதாவது காரணம் சொல்லலாம். செத்தவர்களுக்குள் என்ன தகராறு? உயிர்ப்பின் நாளில் சுவரின் இந்தப் பக்கத்தார் முதலில், அந்தப் பக்கத்தார் பிறகு என்று யாராவது வரிசைப்படுத்தப் போகிறார்களா?

இவையெல்லாம் ஊர் வழக்கம்தானே, விசுவாசத்துக்கு இதனால் என்ன குறை, ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறோமே என்று நினைப்பவர்கள் உண்டு. தூய பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை அவர்கள் ஒருமுறை வாசிப்பது நல்லது (1 கொரி 11:17-22). அங்கே ஆண்டவரின் விருந்துக்கென்று கூடிவந்தவர்களில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டு முடித்தார்கள்; இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அதைச் சில்லறை ஒழுங்குப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கூடிவருவதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்ற அளவுக்குப் போய்விடுகிறார். கவனியுங்கள்: அவர்கள் பூசைக்கு வராதவர்கள் அல்லர். தவறாமல் வந்தவர்கள்! பீடத்துக்கு முன் நடப்பதும் பந்தியில் நடப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். பவுலுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் (எண் 43), அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே பலரிடம் காணப்படும் பிளவை நம் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாகச் சொன்னது. அது நடந்தது 1965இல்.

திருமணத்துக்கு வருவோம். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். திருச்சபைச் சட்டம் எந்தெந்தத் தடைகளைச் சொல்கிறது? வயது குறைவு, ஏற்கெனவே உள்ள மண உறவு, நெருங்கிய இரத்த உறவு, குருத்துவ நிலை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சாதி இல்லை. ஆனால் ஓலை வாசிக்கும் கட்டத்துக்கு வருவதற்கு வெகு முன்பே சாதி என்ற தடை தன் வேலையை முடித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகன்-மணமகள் தேவை விளம்பரங்களைப் பார்த்தால் போதும். 'ஆர்.சி.' என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர், சிலவற்றில் உட்பிரிவும் சேர்த்து! படித்த, பக்தியுள்ள, வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகிற குடும்பங்களின் விளம்பரங்கள்தாம் இவை. வேறு சாதிக் கத்தோலிக்கரைவிட, அதே சாதியில் வேறு சபைக்காரரோ இந்துவோ பரவாயில்லை என்று முடிவெடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் எது மதம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் தமிழக அரசு ஓர் ஆணையத்தை அறிவித்தது. இது மற்றவர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அன்பியங்கள் இந்த நிலையை மாற்றும் என்று எதிர்பார்த்தோம். ஓரளவு மாற்றியும் இருக்கின்றன. ஆனால் அன்பியத்தைத் தெரு வாரியாகப் பிரிக்கிறோம். கிராமத்தில் தெருவைச் சாதி வாரியாக ஏற்கெனவே யாரோ பிரித்து வைத்திருக்கிறார்கள். விளைவு என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, 'இதற்கெல்லாம் சாமியார்கள்தான் பொறுப்பு, அவர்கள் துணிந்து நிற்கவில்லை' என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றிருந்தபோது, கிறிஸ்தவர்களுக்கிடையிலான சாதி வேற்றுமை திருச்சபையின் நற்செய்திப் பணிக்கே பெரும் தடை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் தெளிவாகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் நிலவுகிறது என்றும் ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டபோதுதான் தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலைத் திருச்சபை கண்டது. மேலிருப்பவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் திருவிழா வரியைப் பங்குத்தந்தையா வீடு வீடாக வசூலிக்கிறார்? மணமகள் தேவை விளம்பரத்தை ஆயரா எழுதிக் கொடுக்கிறார்? சவ வண்டியை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்வது ஊர்ப் பெரியவர்கள். அவர்கள் பொதுநிலையினர். துணிந்து தடுப்பை இடித்த குருவை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களும் பொதுநிலையினர்தாம் என்பதை வடக்கன்குளத்து வரலாறு சொல்கிறது.

இரண்டாவது பதில் சற்று நியாயமாகவே தோன்றும். 'நாடெங்கும் கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி. மாநிலத்துக்கு மாநிலம் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வருகின்றன. இந்த நேரத்தில் நம் வீட்டு அழுக்கைத் தெருவில் துவைக்கலாமா?' என்கிறார்கள். அச்சம் புரிகிறது. ஆனால் இதே காலத்தில் நாம் அரசிடம் கேட்பது என்ன? 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்தத் தகுதி வேண்டும் என்று ஒவ்வோர் ஆகஸ்ட் 10 அன்றும் கறுப்புக்கொடி ஏந்துகிறோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை இக்கோரிக்கைக்கு ஆதரவாக இருந்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து மீண்டும் ஆராயச் சொன்னது. திருமுழுக்குப் பெற்ற பின்னும் சாதிக் கொடுமை அந்த மக்களை விடவில்லை என்பதே ஆணையங்களின் முன் நாம் வைக்கும் வாதம். நியாயமான வாதம், ஊரும் வேலையிடமும் அவர்களின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நடத்துவதில்லை. ஆனால் டெல்லியில் 'கிறிஸ்தவரானாலும் சாதி விடவில்லை' என்று சொல்லிவிட்டு, ஊருக்குத் திரும்பி 'நம் பங்கில் சாதியே இல்லை' என்று எப்படிச் சொல்வது? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். முதலாவதுதான் உண்மை என்றால், ஆணையம் முடிவு சொல்லும்வரை காத்திராமல் நாமே தீர்க்கக்கூடிய பகுதி எவ்வளவோ இருக்கிறது.

(இங்கே ஒரு சிறு விளக்கம். வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவுசெய்யப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. கணக்கெடுப்பவர் வரும்போது சாதியைச் சொல்வதா வேண்டாமா என்று சில கிறிஸ்தவர்கள் குழம்பலாம். உரிமை கேட்பதற்காக ஒடுக்கப்பட்டவர் தம் சாதியைச் சொல்வது ஒன்று. பிறரைத் தள்ளி வைப்பதற்காகச் சாதியைப் பிடித்துக்கொள்வது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கி, 'சாதியைப் பற்றிப் பேசுபவர்களே சாதி வெறியர்கள்' என்று வாயை அடைப்பது வழக்கமாகிவருகிறது.)

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் எளிதானவையும் அல்ல. பங்குப் பேரவையில் உறுப்பினராக இருக்கும் ஒருவர், அடுத்த கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் உறவினர்களே முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சவ வண்டி எல்லாத் தெருவுக்கும் போகட்டும் என்று கையெழுத்துப் போட்ட பெரியவருக்கு ஊர்க்கூட்டத்தில் மரியாதை குறையலாம். மகள் காட்டும் பையனைச் சாதி பார்க்காமல் ஏற்கும் பெற்றோருக்கு அண்ணன் தம்பி வீட்டு விசேஷங்களுக்குப் பத்திரிகை வராமல் போகலாம். மாலைத் திருப்பலிக்குப் போய்வர இந்த விலை எதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவேதான் பலருக்கும் திருப்பலியோடு நிறுத்திக்கொள்வது வசதியாக இருக்கிறது. தேவசகாயம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால், வராமல்போகும் கல்யாணப் பத்திரிகை பெரிய இழப்பா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

சனவரி 14 அவருடைய திருநாள். பொங்கலை ஒட்டி வரும் நாள் என்பதால் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். ஊர்க்கூட்டம் போடவும் கணக்குப் பார்க்கவும் தோதான சமயம். அன்று திருப்பலி முடிந்ததும், சென்ற ஆண்டுத் திருவிழாவின் வரி நோட்டைப் பங்குப் பேரவை எல்லாருக்கும் முன்பாக ஒருமுறை திறந்து படிக்கட்டும். பங்கின் குடும்பப் பதிவேட்டில் எத்தனை தலைக்கட்டுகள், அந்த நோட்டில் எத்தனை பெயர்கள், விடுபட்டவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள்? இதைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.